கோடெலின் வரம்பு இயந்திரத்துக்கு மட்டும்தானா?

கேட்டவர் கல்லூரி மாணவர். செமினாருக்காகக் கேட்கிறார் என்று தெரிகிறது. கேள்வி சுருக்கமாக இதுதான்: “தன்னைத் தானே சுட்டும் வாக்கியங்களில் தர்க்கம் மாட்டிக்கொள்ளும் என்று கோடெல் நிரூபித்துவிட்டார். ஏஐயும் ஒரு நிரல்தான். அதனால் இந்த வரம்பு அதற்கு என்றைக்கும் உண்டு, மனிதனுக்குக் கிடையாது, ஆகவே ஏஐ மனித அறிவை எட்டவே முடியாது என்று வகுப்பில் சொன்னார்கள். இது சரியா? பொய்யன் புதிரைக் கொடுத்தால் சாட்ஜிபிடி குழம்பி நின்றுவிடுமா?”

ஒரே மூச்சில் கேட்டிருந்தாலும் இதற்குள் மூன்று கூற்றுகள் இருக்கின்றன. ஏஐக்கு அந்த வரம்பு உண்டு என்பது ஒன்று. மனிதனுக்கு இல்லை என்பது இன்னொன்று. ஆகவே எட்ட முடியாது என்பது மூன்றாவது. முதலாவது நிச்சயமான உண்மை. இரண்டாவதை இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. மூன்றாவது, முதல் இரண்டையும் ஒப்புக்கொண்டாலும்கூட, அவற்றிலிருந்து தானாக வந்துவிடாது. இருபது வருடங்களுக்கு மேல் டிஓசி (கணிமைக் கோட்பாடு) பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாணவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் முதலாவதிலிருந்து மூன்றாவதுக்குத் தாவும்போதுதான்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடலாம். தன்னைச் சுட்டுவதாலேயே ஒரு வாக்கியம் கெட்டுப்போவதில்லை. “இந்த வாக்கியத்தில் ஐந்து சொற்கள் உள்ளன.” எண்ணிப் பாருங்கள், ஐந்துதான். தன்னைப் பற்றியே பேசுகிறது, உண்மையையும் பேசுகிறது, எந்தத் தர்க்கமும் உடையவில்லை. ‘ஐந்து’ என்பதை ‘ஆறு’ என்று மாற்றினால் அது பொய்யாகும். பொய்யான வாக்கியம், அவ்வளவுதான், முரண்பாடு எதுவும் இல்லை. சிக்கல் வருவது ஒரு வாக்கியம் தன் உண்மையையே மறுக்கும்போது: “இந்த வாக்கியம் பொய்.” பொய்யன் புதிர் என்பது இதுதான். உண்மை என்று வைத்தால் பொய்யாகிறது, பொய் என்று வைத்தால் உண்மையாகிறது.

‘இந்த’ என்ற சுட்டுச் சொல்தான் இத்தனை வம்புக்கும் காரணம், கணிதத்தில் ‘இந்த’ என்று விரல் நீட்ட வழியில்லையே என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. அதற்கு நான் பலகையில் எழுதுவது இது:

பின்வருவதை முதலில் அப்படியேயும், அடுத்து மேற்கோள் குறிக்குள்ளும் எழுதுக: “பின்வருவதை முதலில் அப்படியேயும், அடுத்து மேற்கோள் குறிக்குள்ளும் எழுதுக:”

ஒரு தாளை எடுத்து இந்தக் கட்டளையைச் சொன்னபடி செய்யுங்கள். மேற்கோளுக்குள் இருப்பதைக் குறியில்லாமல் ஒருமுறை, குறியோடு ஒருமுறை. எழுதி முடித்ததும் தாளில் இருப்பது பலகையில் இருந்த அதே வரிதான், ஓர் எழுத்து கூடக் குறையாமல். ‘இந்த’ என்ற சொல் எங்கேயும் வரவில்லை, ஆனாலும் வரி தன்னையே பெற்றெடுத்துவிட்டது. 1931-இல் தர்க்கவியலாளர் குர்த் கோடெல் எண்களை வைத்துச் செய்ததன் உயிர்நாடி இதுதான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் எண் கொடுத்தார். அப்படிச் செய்தால் எண்களைப் பற்றிய ஒரு கூற்று, மறைமுகமாக வாக்கியங்களைப் பற்றிய கூற்றாகிவிடும். பிறகு மேலே பார்த்த உத்தியால் தன்னைப் பற்றியே ‘எனக்கு இந்த அமைப்பில் நிரூபணம் கிடையாது’ என்று சொல்லும் எண்கணிதக் கூற்று ஒன்றைக் கட்டினார். அமைப்பு என்றால், சில அடிப்படைக் கூற்றுகளும் அவற்றிலிருந்து மற்றவற்றை நிரூபிக்கும் விதிகளும் சேர்ந்தது. அமைப்பு முரண்பாடு இல்லாதது என்றால் அந்தக் கூற்றை அதற்குள் நிரூபிக்க முடியாது. முடியாது என்பதால் அது உண்மை. ‘பொய்’ என்ற இடத்தில் ‘நிரூபிக்க முடியாதது’ என்று மாற்றியதில்தான் எல்லாமே இருக்கிறது. பொய்யன் வாக்கியம் முரண்பாடு. கோடெலின் வாக்கியமோ முரண்பாடே இல்லாத, அமைதியான ஓர் உண்மை. அமைப்பின் கைக்கு அது எட்டவில்லை, அவ்வளவுதான். “தர்க்கம் மாட்டிக்கொள்ளும்” என்று கேள்வியில் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எதுவும் உடையவில்லை.

இப்போது நிரலுக்கு வருவோம். ஆலன் டூரிங் 1936-இல் இதே உத்தியை இயந்திரத்தின் மீது பிரயோகித்தார். பாடப்புத்தகத்தில் இன்று நிறுத்தச் சிக்கல் என்ற பெயரில் வருவது. எந்த நிரலைக் கொடுத்தாலும், அது ஓடி முடியுமா, முடிவில்லாமல் சுற்றுமா என்று தப்பாமல் சொல்லும் ஒரு நிரல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஜோசியர் என்று பெயர். இப்போது ஏட்டிக்குப்போட்டி என்று ஒரு நிரல் எழுதுகிறேன். அது தன் நிரல் வரிகளையே ஜோசியரிடம் கொடுத்து ‘நான் நிற்பேனா?’ என்று கேட்கும். நிற்பாய் என்றால் சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றுவாய் என்றால் உடனே நின்றுவிடும். ஜோசியர் எதைச் சொன்னாலும் தப்பு. ஆகவே அப்படி ஒரு ஜோசியர் இருக்க முடியாது. தன் வரிகளை ஒரு நிரல் எப்படித் தானே கையில் எடுக்கும் என்ற சந்தேகம் வேண்டாம். பலகையில் எழுதிய வரி செய்ததும் அதைத்தான். எந்த நிரலுக்கும் அப்படிச் செய்ய முடியும் என்பதை க்ளீனி 1938-இல் பொதுவாகவே நிரூபித்தார். இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. “ஒரு நிரலால் தன்னை அறிய முடியாது” என்று பலர் எழுதுகிறார்களே, அது தவறு. தன் முழு விவரத்தையும் அது தாராளமாக வைத்திருக்கலாம். அதனால் முடியாதது வேறு: தான் என்ன செய்யப்போகிறது என்ற கணிப்பைக் கேட்டு அதற்கு எதிராகவும் நடக்கக்கூடிய நிலையில், அந்தக் கணிப்பு எப்போதும் சரியாக இருப்பது.

ஏஐ எனப்படுவது எல்லாமே கணினியில் ஓடும் நிரல். எவ்வளவு பெரிய நியூரல் வலையாக இருந்தாலும் அடியில் இருப்பது பெருக்கலும் கூட்டலும்தான். ஆகவே டூரிங்கின் வரம்பு அதற்கு முழுமையாகப் பொருந்தும். நாளை பத்து மடங்கு பெரிய மாடல் வந்தாலும் எல்லா நிரல்களுக்கும் தப்பாத ஜோசியராக அது ஆகாது. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. உண்மையான கணினிக்கு நினைவகம் குறிப்பிட்ட அளவுதானே, அப்படியானால் நிலைகளை எல்லாம் எண்ணிவிடலாமே என்று சிலர் வாதிடுவார்கள். கொள்கையளவில் சரி. ஆனால் ஒரு ஜிபி நினைவகம் எடுக்கக்கூடிய நிலைகள் எத்தனை என்ற எண்ணை எழுதப் போனால், அந்த எண்ணுக்கே சுமார் 258 கோடி இலக்கங்கள். அந்த வழியில் யாரும் எங்கேயும் போய்ச் சேர முடியாது.

அடுத்தது மனிதன். இந்த வாதத்தை முறையாக முன்வைத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி ஜே. ஆர். லூகாஸ், 1961-இல். இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் 1989-இலும் 1994-இலும் எழுதிய நூல்களில் அதை விரித்தார். வாதம் இப்படிப் போகும்: எந்த இயந்திரத்தைக் கொடுத்தாலும் அதன் கோடெல் வாக்கியத்தை அதனால் நிரூபிக்க முடியாது, ஆனால் நாம் அது உண்மை என்று ‘பார்த்துவிடுகிறோம்’, ஆகவே நாம் அந்த இயந்திரம் இல்லை. கேட்டால் மெய்சிலிர்க்கும். நான் முதலில் படித்தபோது பல மாதங்கள் இதை நம்பினேன்.

ஓட்டை எங்கே என்றால், நாம் உண்மையில் பார்ப்பது ‘இந்த அமைப்பு முரண்பாடு இல்லாதது என்றால், கோடெல் வாக்கியம் உண்மை’ என்பதை மட்டும்தான். இந்த ‘என்றால்’ கூற்றை அந்த அமைப்பே தனக்குள் நிரூபித்துவிடும். முரண்பாடு இல்லாத அமைப்பால் ‘நான் முரண்பாடு இல்லாதது’ என்பதைத் தனக்குள் நிரூபிக்க முடியாது என்ற கோடெலின் இரண்டாவது தேற்றமே அதன் மீதுதான் நிற்கிறது. ஆகவே நமக்கு ஏதாவது கூடுதல் பலம் இருக்கிறது என்றால், அது ‘இந்த அமைப்பு முரண்பாடு இல்லாதது’ என்பதை நாம் தப்பில்லாமல் அறிவோம் என்பதாகத்தான் இருக்க வேண்டும். அறிவோமா? ஜெர்மன் தர்க்கவியலாளர் ஃப்ரேகெ தன் வாழ்நாள் உழைப்பைக் கொட்டிக் கணிதத்துக்கு ஓர் அடித்தளம் கட்டினார். இரண்டாம் தொகுதி அச்சில் இருக்கும்போது, 1902-இல், ரஸ்ஸலிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த அடித்தளத்துக்குள்ளேயே முரண்பாடு இருந்தது. தர்க்கத்தில் அவரைவிடக் கூர்மையான கண் அன்றைக்கு அதிகம் பேருக்கு இல்லை. அவரும்தான் ‘பார்த்தார்’.

வகுப்பில் இதை இன்னொரு விதமாகவும் காட்டுவேன். முன் பெஞ்சில் ஒருவரை எழுப்பி, கார்த்திக் என்று வைத்துக்கொள்வோம், பலகையில் எழுதுவேன்: “கார்த்திக் இந்த வாக்கியத்தை உண்மை என்று ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டான்.” கார்த்திக் ஒப்புக்கொண்டால் வாக்கியம் பொய்யாகிவிடும், அப்போது அவன் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டவன். ஒப்புக்கொள்ளாவிட்டால் வாக்கியம் உண்மை, ஆனால் அதை அவன் வாயால் சொல்ல முடியாது. வகுப்பில் மீதி எல்லாரும் தயங்காமல் ‘உண்மை சார்’ என்பார்கள். கார்த்திக்கைவிட அவர்கள் புத்திசாலிகள் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியுமா? பெயரை அழித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவர் பெயரை எழுதினால் இப்போது மாட்டிக்கொள்வது அவர். லூகாஸுக்கு எதிராக இதே வகை வாக்கியத்தை லூகாஸின் பெயரையே போட்டு வைட்லி என்ற தத்துவவாதி 1962-இல் எழுதினார். ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் போட்ட வாக்கியம் ஒன்று உண்டு. வெளியே நிற்பவருக்கு அது எளிதாகத் தெரியும். வெளியே நிற்பவர் இயந்திரமாக இருந்தாலும் தெரியும். 1986-இலேயே நடராஜன் சங்கர், சென்னை ஐஐடியில் படித்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வு செய்தவர், கோடெலின் முதல் தேற்றத்தின் நிரூபணத்தையே ஒரு கணினி நிரலைக் கொண்டு படிப்படியாகச் சரிபார்த்துக் காட்டினார். அந்தத் தேற்றத்தின் ஒவ்வொரு அடியும் இயந்திரத்தின் கையால் கடக்கக்கூடியது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் மனித மனமும் ஒரு நிரல்தானா? இங்கே நான் நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் தர்க்கம் தரும் விடை இத்துடன் முடிகிறது. கோடெலே 1951-இல் ஒரு சொற்பொழிவில் மிகக் கவனமாக இரண்டில் ஒன்று என்றுதான் சொன்னார்: ஒன்று, மனித மனம் எந்த இயந்திரத்தையும் விஞ்சுவது, அல்லது மனிதனால் என்றைக்குமே தீர்க்க முடியாத எண்கணிதக் கேள்விகள் உண்டு. அவர் மனம் முதல் பக்கம் சாய்ந்திருந்தது. ஆனால் தேற்றம் அந்தப் பக்கம் சாய்வதாக அவர் சொல்லவில்லை. மூளையின் நுண்குழாய்களில் நடக்கும் குவாண்டம் நிகழ்வுகளில் விடை இருக்கிறது என்று பென்ரோஸ் சொல்வது ஓர் ஊகம். அதைத் தேற்றத்தின் எடையோடு செமினாரில் வைக்காதீர்கள். என் பயிற்சி தர்க்கத்திலும் கணிமையிலும்தான், நரம்பியலில் இல்லை. அந்தத் துறையில் தீர்ப்பு சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

சரி, மூன்றாவது கூற்று. கோடெலின் தேற்றம் கட்டிப்போடுவது ஒருபோதும் முரண்படாத, விதிப்படி மட்டும் நகரும் அமைப்பை. டூரிங்கின் தேற்றம் கட்டிப்போடுவது எப்போதும் பதில் சொல்லி, எப்போதும் சரியாகவே சொல்லும் நிரலை. தப்பு செய்ய அனுமதி கொடுத்துவிட்டாலோ, ‘தெரியாது’ என்று சொல்ல அனுமதி கொடுத்துவிட்டாலோ இந்தக் கட்டு தளர்ந்துவிடும். டூரிங்குக்கு இது நன்றாகவே தெரியும். 1947-இல் லண்டனில் பேசும்போதே, ஓர் இயந்திரம் தப்பே செய்யக்கூடாது என்று எதிர்பார்த்தால் அது அறிவுள்ளதாகவும் இருக்க முடியாது என்ற கருத்தைச் சொன்னார். நாமும் அறிவாளிகள் என்று மதிக்கும் மனிதர்களை அப்படித்தானே மதிக்கிறோம்? ராமானுஜன் பகா எண்களைப் பற்றி எழுதியவற்றில் சில தவறாகப் போயின. அதனால் ராமானுஜன் குறைந்துவிடவில்லை.

பொய்யன் வாக்கியத்தைக் கொடுத்தால் சாட்ஜிபிடி நின்றுவிடுமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. நிற்காது. மொழி மாடல் அந்த வாக்கியத்தின் உண்மை மதிப்பைக் கணக்கிட உட்காருவதில்லை. இதுவரை வந்த சொற்களைப் பார்த்து அடுத்த சொல் துண்டைத் தேர்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் செய்யும் கணக்கு, குறிப்பிட்ட எண்ணிக்கை அடுக்குகளைக் கடந்து முடிந்துவிடும். வாக்கியம் புதிராக இருப்பதால் அந்தக் கணக்கு நீளாது. ‘இது பொய்யன் முரண்பாடு’ என்று விளக்கம் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். நீங்களும் நானும் அதைத்தான் செய்கிறோம்.

ஆனால் “உன் அடுத்த பதிலில் எத்தனை சொற்கள் இருக்கும் என்று முதல் வரியிலேயே சொல்” என்று கேட்டுப் பாருங்கள். அடிக்கடி தப்பாகச் சொல்லும். இதைக் காட்டி ‘பார்த்தீர்களா, தன்னைச் சுட்டச் சொன்னதும் கோடெல் வந்துவிட்டார்’ என்று சிலர் எழுதுகிறார்கள். கோடெலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சொல்லவேண்டிய எண்ணை முதலில் எழுதிவிட்டு, பதிலைப் பின்னால் ஒவ்வொரு துண்டாக எழுதவேண்டியிருப்பதால் வரும் பொறியியல் குறை இது. முதலில் ஒரு வரைவு எழுதி, எண்ணி, திருத்திக்கொள்ள விட்டால் சரியாகச் செய்யும். மேலே ‘ஐந்து சொற்கள்’ வாக்கியத்தை நானும் அப்படித்தான் எழுதினேன், எண்ணிப் பார்த்துத்தான். மாடல்கள், இல்லாத தகவலை இருப்பதுபோலச் சொல்வதும் இப்படித்தான். அது பயிற்சியின் குறை, தர்க்கத்தின் வரம்பு இல்லை. வரம்பு என்று சொல்லிவிட்டால் சரிசெய்ய வேண்டியவர்களுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது. எனக்கு இதில் கோபமே உண்டு.

அப்புறம், இந்த வரம்பு ஏஐயை நிஜமாகவே தொடும் இடம் எது? என் பார்வையில், சரிபார்ப்பு. ரைஸ் 1953-இல் வெளியிட்ட தேற்றம் ஒன்று உண்டு: நிரல்களின் நடத்தை பற்றிய எந்தக் கேள்வியை எடுத்தாலும், அது அற்பமான கேள்வியாக (எல்லா நிரலுக்கும் ஒரே விடை வருவதாக) இல்லாதவரை, எல்லா நிரல்களுக்கும் அதற்கு விடை சொல்லும் பொதுவான நிரல் கிடையாது. ‘இந்த நிரல் தீங்கு செய்யுமா?’ என்பதும் இதில் அடக்கம். எந்த ஏஐயைக் கொடுத்தாலும் பாதுகாப்பானது, ஆபத்தானது என்று முத்திரை குத்தும் ஒரே கருவி என்றைக்கும் வராது.

இதையும் அளவுக்கு மீறி நீட்டக்கூடாது. தேற்றம் சொல்வது ‘எல்லா நிரல்களுக்கும்’ என்று. குறிப்பிட்ட ஒரு நிரலுக்கு நிரூபணம் தேடுவதை அது தடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் செல்4 என்ற இயக்குதள மையக்கருவின் சுமார் 8,700 வரி சி மொழி நிரல், தன் விவரக்குறிப்பின்படியே நடக்கும் என்று 2009-இல் கணித நிரூபணமாகவே காட்டினார்கள். 2017-இல் ரெலுபிளெக்ஸ் என்ற முறையால், விமானங்கள் மோதாமல் தவிர்ப்பதற்கான சிறு நியூரல் வலைகளின் சில பண்புகளை நிரூபித்தார்கள். ஒவ்வொரு வலையிலும் 300 நியூரான்கள். ஒரு வலையின் ஒற்றைக் கணக்கு எப்போதும் முடிந்துவிடுவது என்பதால் அங்கே டூரிங்கின் தடையே இல்லை. தடையாக நிற்பது அளவு. 300 நியூரானில் முடிந்தது கோடிக்கணக்கான இணைப்புகளில் முடிவதில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, ‘தீங்கு’ என்பதை எந்தச் சூத்திரமாக எழுதுவது என்பது.

கேள்வி கேட்டவர் இன்னும் ஆழமாகப் போக விரும்பினால் லோப் 1955-இல் நிரூபித்ததைப் பாருங்கள். ஒரு கூற்றைப் பற்றி ‘இதை நான் நிரூபித்தால் இது உண்மை’ என்று ஓர் அமைப்பால் நிரூபிக்க முடிவது, அந்தக் கூற்றையே ஏற்கெனவே நிரூபிக்க முடியும்போது மட்டும்தான். தன் நிரூபணங்களை மொத்தமாக நம்பலாம் என்று தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்ள அதற்கு வழியில்லை. இப்போது தன்னைவிடத் திறமையான அடுத்த பதிப்பைத் தானே வடிவமைக்கும் ஓர் ஏஐயை நினைத்துக்கொள்ளுங்கள். ‘அடுத்தவன் எதை நிரூபித்தாலும் சரியாகத்தான் இருக்கும்’ என்று நிரூபித்துவிட்டுத்தான் பொறுப்பைக் கைமாற்றுவேன் என்று அது பிடிவாதம் பிடித்தால், தனக்குச் சமமான பலம் உள்ள வாரிசைக்கூட அதனால் ஏற்க முடியாது. தலைமுறைக்குத் தலைமுறை பலம் குறைந்தவனைத்தான் நம்பலாம். 2013 முதல் இந்தச் சிக்கலைச் சிலர் வெளிப்படையாகவே ஆராய்கிறார்கள். உறுதியான நிரூபணத்துக்குப் பதிலாக நிகழ்தகவை வைத்து நம்பிக்கை கொள்வது ஒரு வழியாகப் பேசப்படுகிறது. இன்றைய மாடல்கள் நிரூபணத்தை நம்பி இயங்குவதில்லை என்பதால் இது அவற்றை எவ்வளவு தூரம் தொடும் என்பது திறந்தே இருக்கும் கேள்வி.

வரம்பின் விளிம்பில் மனிதனும் இயந்திரமும் எப்படி நிற்கிறார்கள் என்று காட்ட ஓர் உதாரணம் வேண்டுமென்றால் பிஸி பீவர் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டூரிங் இயந்திரம் என்பது நாடாவில் குறிகளைப் படித்து, எழுதி, நகரும் ஒரு கற்பனைக் கணினி. ஐந்து நிலைகளும் இரண்டு குறிகளும் மட்டும் உள்ள டூரிங் இயந்திரம், வெற்று நாடாவில் தொடங்கி, என்றாவது நிற்பதாக இருந்தால், அதிகபட்சம் எத்தனை அடிகள் ஓடும்? 4,71,76,870 என்பதுதான் விடை என்று 2024-இல் உறுதியானது. உலகின் பல மூலைகளிலிருந்து இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் பிரித்துப் பிரித்து வேலை செய்தார்கள். கடைசி நிரூபணத்தை காக் என்ற நிரூபணச் சரிபார்ப்பான் முழுமையாகச் சோதித்தது. ஆறு நிலைகளுக்குப் போனதும் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கிறோம். அங்கே இருக்கும் ஓர் இயந்திரம் நிற்குமா என்பது கொலாட்ஸ் புதிர் (இரட்டை எண்ணைப் பாதியாக்கு, ஒற்றை எண்ணை மும்மடங்காக்கி ஒன்று கூட்டு; எந்த எண்ணில் தொடங்கினாலும் ஒன்றில் முடியுமா?) போன்ற ஒரு கேள்வியாக மாறிவிடுகிறது. அதை உடைக்கும் உத்தி இன்றைக்கு மனிதரிடமும் இல்லை, நிரலிடமும் இல்லை.

செமினாருக்கு ஒரு யோசனை. சிலைடில் தேற்றத்தின் வாசகத்தைப் போட்டுப் படிக்காதீர்கள். ‘பின்வருவதை முதலில்’ என்று தொடங்கும் அந்த வரியைப் பலகையில் எழுதி, ஒருவரைக் கூப்பிட்டு, சொன்னபடியே செய்யச் சொல்லுங்கள். மூன்று நிமிடம் ஆகும். அவர் எழுதி முடித்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வரை நீங்கள் எதுவும் பேச வேண்டாம். அதற்குப் பிறகு ஜோசியரையும் ஏட்டிக்குப்போட்டியையும் கொண்டுவாருங்கள். கார்த்திக் வாக்கியத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஆசிரியர் அனுமதித்தால் அவர் பெயரையே போட்டு.